செயல்திட்டக் கல்வியில் மீள்நோக்கும் விழாவும்: மோகா முதல் ஹோஷங்காபாத் வரை

முன்னுரை

மாணவர் ஒரு செயலைத் தாமே திட்டமிட்டு, குழுவாகச் செய்து முடித்து, அதன்வழியே பாடங்களைக் கற்பது செயல்திட்ட முறை எனப்படும். இம்முறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் செய்தலையே முதன்மைப்படுத்துவர். செய்து முடித்தபின் நிகழவேண்டிய இரண்டினைக் குறித்து அவ்வளவாகப் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்று, மாணவர் தாம் செய்ததைத் திரும்பிப் பார்த்துத் தாமே மதிப்பிடுதல். இதனை இக்கட்டுரை மீள்நோக்கு எனக் குறிக்கிறது. மற்றொன்று, முடித்த செயலைப் பிறர்முன் வைத்துக் கூடி மகிழ்தல். இதனை விழா எனக் குறிக்கிறது.

இந்தியாவில் இம்முறை கடந்துவந்த பாதையில் மோகா, தில்லி ஜாமியா, வார்தா, ஹோஷங்காபாத் ஆகிய நான்கு இடங்கள் குறிப்பிடத்தக்கன. இந்நான்கிலும் மீள்நோக்குக்கும் விழாவுக்கும் எத்தகைய இடம் கிடைத்தது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்வியியல் பொருளொன்றைத் தமிழாய்விதழில் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. மீள்நோக்கு என்பது அடிப்படையில் ஒரு மொழிச் செயலாகும். கையால் செய்ததைச் சொல்லால் மீட்டெடுக்கும்போதுதான் அது அறிவாகிறது. அச்சொல் தாய்மொழிச் சொல்லாக இருத்தல் இயல்பு. ஆகவே, இவ்வரலாறு மொழியாசிரியருக்கும் உரிய வரலாறாகும்.

நான்காம் படி

அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டு செயல்திட்ட முறை குறித்துத் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய அவர், ஜான் டூயியின் சிந்தனையைப் பின்பற்றியவர். முழுமனத்தோடும் நோக்கத்தோடும் செய்யப்படும் செயலே கல்விக்கு உரியது என்பது அவர்தம் கொள்கை. அச்செயலுக்கு நோக்கங்கொள்ளல், திட்டமிடல், செயற்படுத்தல், மதிப்பிடல் என நான்கு படிகளை அவர் வகுத்தார்.

முதல் மூன்று படிகளும் பொருளை உண்டாக்குவன. நான்காவது படி பொருளை உண்டாக்குவதில்லை, உண்டாக்கியவனை உருவாக்குகிறது. நினைத்தது எது, நடந்தது எது, இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஏன் என்னும் வினாக்களை மாணவரே எழுப்பிக்கொள்ளும் படி அது. இதனை ஆசிரியர் கையில் எடுத்துக்கொண்டால் அது தேர்வாகிவிடும். மாணவரிடமே விட்டுவைத்தால் அது மீள்நோக்காகும். இந்த வேறுபாடு பின்வரும் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

மோகா: கிராமத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருதல்

பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சமயப்பணிக் குழுவினர் கிராம ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நடத்திவந்தனர். வில்லியம் மெக்கீ என்பவரின் தலைமையில் 1920களில் அங்குச் செயல்திட்ட முறை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இம்முறையை ஒழுங்காகக் கையாண்ட தொடக்ககாலப் பள்ளிகளுள் மோகா முதன்மையானது எனலாம்.

அங்கு எடுத்துக்கொண்ட செயல்கள் வீடு, வயல், கடைத்தெரு, அஞ்சலகம் முதலிய கிராம வாழ்க்கைக் கூறுகளாகும். கடை நடத்தும் மாணவனுக்குக் கணக்குத் தேவைப்பட்டது; அஞ்சலகம் நடத்துபவனுக்கு எழுத்துத் தேவைப்பட்டது. தேவை முன்னே வந்தது. பாடம் பின்னே வந்தது. மோகாவின் சிறப்பு இந்த வரிசை மாற்றத்தில் அடங்கியுள்ளது. எனினும், அது ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி என்பதை மறத்தலாகாது. அங்குப் பயின்றவர் தாம் கற்ற முறையை வேறோரிடத்திற்கு எடுத்துச் சென்றபோதுதான் அதன் விளைவு முழுமையாகப் புலப்பட்டது. அவ்வாறு எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் தொடக்கப்பள்ளி ஆசிரியராக விளங்கிய அப்துல் கஃப்பார் மதோலி ஆவார்.

ஜாமியா: விழாவைப் பாடமாக்குதல்

ஜாமியா 1920 அக்டோபர் 29 அன்று அலிகாரில் தொடங்கப்பெற்றது; 1925இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. ஜெர்மனியில் உயர்கல்வி முடித்துத் திரும்பிய ஜாகிர் உசேன் 1926இல் அதன் பொறுப்பை ஏற்று 1948 வரை துணைவேந்தராக இருந்தார். அரசு உதவி இல்லாத அந்நிறுவனம் பெரும் பணநெருக்கடியில் இயங்கியது. ஆயினும், அதன் தொடக்கப்பள்ளியே இந்தியக் கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்றது.

மதோலி அப்பள்ளியில் செயல்திட்ட முறையைப் புகுத்தினார். மாணவர்கள் தமக்கென வங்கி நடத்தினர், கடை நடத்தினர். ஜெர்மனியிலிருந்து வந்து 1933இல் ஜாமியாவில் இணைந்து, 1943இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றிய கெர்டா பிலிப்ஸ்போர்ன் அம்மையார் இளஞ்சிறார் கல்வியில் பெரும்பங்கு கொண்டார். ‘பயாமே தஃலீம்’ என்னும் இதழ் சிறுவர்க்குரிய உருது ஏடாக வளர்ந்தது.

இங்கு நாம் சிறப்பாகக் கருதவேண்டியது ‘தஃலீமி மேளா’ என்னும் கல்வித் திருவிழாவாகும். ஜாமியாவின் நிறுவன நாளையொட்டி நடைபெறும் இவ்விழாவில் மாணவர் செய்த பணிகள் ஊரார்முன் வைக்கப்பட்டன. விழா என்பது பாடம் முடிந்தபின் கிடைக்கும் ஓய்வாக இங்குக் கருதப்படவில்லை. காட்சிக்கு வைப்பதென்றால் விளக்கவேண்டும். விளக்குவதென்றால் செய்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். வந்தவர் வினவினால் விடை சொல்லவேண்டும். இவ்வாறு மீள்நோக்கைத் தூண்டும் கருவியாக விழாவே அமைந்தது.

மாணவரை நடுவில் வைத்துக் கொண்டாடும் இம்மரபுக்கு வேறு சான்றுகளும் உள. 1935 மார்ச் 1ஆம் நாள் ஓக்லாவில் ஜாமியாவின் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, பெருந்தலைவர் ஒருவரை அழைக்காமல் பள்ளியின் மிக இளைய மாணவரைக்கொண்டே அதனை நாட்டுவித்தனர். ஜாகிர் உசேனின் வரலாற்றை எழுதியோர் மற்றொரு நிகழ்ச்சியையும் குறிப்பிடுவர். தொடக்கப்பள்ளி மாணவர் தேர்ச்சி பெற்றதைக் கொண்டாடி அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய சிறுமகள் இறந்துவிட்ட செய்தி காதில் சொல்லப்பட்டது. அவர் முகம் வெளிறியது. ஆனால் வழங்குவதை நிறுத்தவில்லை. குழந்தைகளின் மகிழ்ச்சியைக் குலைக்க மனம் வரவில்லை என்று பின்னர்க் கூறினாராம். இச்செய்தியை ஒரு தனிமனிதரின் மனவுறுதிக்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. குழந்தையின் மகிழ்ச்சியைக் கல்வியின் ஓரத்தில் வைக்காமல் அதன் நடுவில் வைத்த ஒரு நிறுவனத்தின் மனப்பாங்கும் இதனால் புலனாகிறது.

ஜாகிர் உசேன் செயலைக் கல்விச் செயல், வெறுஞ் செயல் எனப் பிரித்தறிந்தவர். செய்யப்போவதை மனத்தில் உருவாக்குதல், அதற்குரிய வழிகளை எண்ணுதல், செய்தல், செய்ததை முதலில் எண்ணியதோடு ஒப்பிட்டுச் சீர்தூக்குதல் என நான்கு நிலைகளும் அமைந்தாலன்றி எந்த வேலையும் கல்வியாகாது என்பது அவர்தம் கருத்து. கில்பாட்ரிக்கின் நான்காம் படி இங்கு இந்தியக் கல்விச் சிந்தனையாக வேரூன்றியதைக் காண்கிறோம்.

சாந்திநிகேதன்: பருவங்களின் விழா

விழாவைக் கல்வியாகக் கருதியவர்களுள் இரவீந்திரநாத் தாகூர் தலையாயவர். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளியையும், 1922இல் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட்டின் துணையோடு ஸ்ரீநிகேதனில் கிராமப் புனரமைப்பு நிலையத்தையும் அவர் நிறுவினார். கைத்தொழில்வழிக் கல்விக்கென ‘சிக்ஷா சத்ரா’ 1924இல் தோன்றியது. மரநடு விழாவும் ஏர்பூட்டு விழாவும் 1928இல் தொடங்கின. உழைப்பு பாட்டோடும் நடனத்தோடும் இணைக்கப்பட்டது. ஏர் பிடித்தல் தாழ்ந்த தொழில் என்னும் எண்ணம் நிலவிய சமூகத்தில், அதனை விழாவாக்கியது ஒரு சமூகக் கருத்தை வெளியிடுவதாகவும் அமைந்தது.

இந்த மரபையும் வார்தாவையும் இணைத்த பாலமாக ஒரு தமிழர் விளங்கினார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. டபிள்யூ. ஆரியநாயகம் சாந்திநிகேதனில் பணியாற்றி, 1930ஆம் ஆண்டு தாகூரின் உருசியப் பயணத்திலும் உடன்சென்றவர். பின்னர் அவரும் அவர்தம் துணைவியார் ஆஷாதேவியும் காந்தியடிகளின் கல்விப் பணியில் இணைந்தனர்.

வார்தா: கால அட்டவணை சொல்லும் செய்தி

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு நடைபெற்றது. ஏழாண்டுக் கட்டாய இலவசக் கல்வி, தாய்மொழிவழிப் பயிற்சி, ஒரு கைத்தொழிலை நடுவாகக்கொண்ட பாடத்திட்டம், தொழிலின் வருவாயால் ஆசிரியர் ஊதியத்தைப் படிப்படியாக ஈட்டுதல் என்பன அம்மாநாட்டின் முடிவுகள். பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா உறுப்பினர்களுள் ஒருவர். வினோபா, காகா காலேல்கர், கே. ஜி. சையிதைன், கே. டி. ஷா முதலியோரும் அதில் இடம்பெற்றனர். குழு தன் அறிக்கையை அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று அளித்தது.

மாநாட்டிலேயே ஜாகிர் உசேன் ஓர் எச்சரிக்கையை முன்வைத்தார். செயல்வழிக் கல்வி உலகிற்குப் புதிதன்று. அமெரிக்கர் அதனைச் செயல்திட்ட முறை என்பர் எனச் சுட்டிய அவர், தற்சார்புப் பொருளாதாரத்திற்கு அளவுமீறி அழுத்தம் தந்தால் ஆசிரியர் ஏழைச் சிறுவரின் உழைப்பைச் சுரண்டுவோராக மாறிவிடக்கூடும் என அஞ்சினார். அவ்வாறு நேர்ந்தால் தக்ளி புத்தகத்தைவிடத் தீயதாகிவிடும் என்பது அவர் கருத்து. காந்தியடிகளின் முன்னிலையில், அவர் திட்டத்தைப் பற்றியே வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இந்த அச்சம் பின்னர் எவ்வாறு மெய்யாயிற்று என்பதை அறிய, அறிக்கையிலுள்ள கால அட்டவணையைக் காணுதல் வேண்டும்.

பள்ளி நாளின் மொத்த நேரம் 5 மணி 30 நிமிடம். அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணிதம் மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம். உடற்பயிற்சிக்கு 10 நிமிடம். இடைவேளை 10 நிமிடம். ஆக, 330 நிமிடங்களுள் 200 நிமிடம், அதாவது ஐந்தில் மூன்று பங்கு, கைத்தொழிலுக்கே சென்றது. கைத்தொழில் நேரம் முழுவதும் கைவேலைக்கே உரியதன்று என்பதே குழுவின் கருத்து. கூட்டுச்செயல், திட்டமிடல், துல்லியம், தன்முனைப்பு, பொறுப்புணர்வு ஆகியன வளரவேண்டும் என அறிக்கை வலியுறுத்துகிறது. எனினும் செய்ததைத் திரும்பிப் பார்ப்பதற்கெனத் தனி நேரம் எதுவும் அட்டவணையில் காணப்படவில்லை.

ஆனால், தாய்மொழிப் பாடத்தின் நோக்கங்களை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு வாயில் புலப்படும். அன்றாட நிகழ்ச்சிகளை எளிய தெளிந்த நடையில் எழுதுதல், ஊர்ப் பொதுப்பணிக்காகக் கூடும் கூட்டங்களின் நடவடிக்கைகளை அறிக்கையாக எழுதுதல், அன்றாடச் செய்திகளைப் பற்றித் தெளிவாகப் பேசுதல் ஆகியவற்றை அறிக்கை தாய்மொழிக் கல்வியின் பயன்களாகக் கூறுகிறது. இலக்கியப் பயிற்சிக்கு முன்பாகவே வாழ்க்கையைப் பதிவுசெய்யும் திறன் வைக்கப்பட்டுள்ளது. அன்று நூற்ற நூலைப் பற்றி, அறுந்த இழையைப் பற்றி, குழுவில் எழுந்த கருத்து வேறுபாட்டைப் பற்றி மாணவர் பேசவும் எழுதவும் வேண்டிய இடம் அந்த 40 நிமிடமே. மீள்நோக்கின் பொறுப்பு மொழியாசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது எனக் கொள்வது பொருந்தும்.

அப்பொறுப்பு பரவலாக நிறைவேறவில்லை. இதற்குக் காரணம் அளவிடும் முறையே எனலாம். நூலின் எடையை நிறுத்துவிடலாம். இழையின் நீளத்தை எண்ணிவிடலாம். ஒரு சிறுவன் தன் பிழையைத் தானே கண்டுபிடித்த கணத்தை எந்தத் தராசும் நிறுப்பதில்லை. வருவாயே திட்டத்தின் வெற்றியைக் காட்டும் அளவுகோல் ஆனபோது, அளக்க இயலாதவை இயல்பாகவே பின்தங்கின. 1938இல் தோன்றிய இந்துஸ்தானி தாலீமி சங்கம் சேவாகிராமத்தில் ஆரியநாயகம் தம்பதியரின் நேரடிப் பொறுப்பில் நடத்திய பள்ளி, கூட்டுவாழ்க்கையும் மாணவர் தன்னாட்சியும் கொண்டு இதற்கு விலக்காக விளங்கியது. ஆனால், ஆதாரக் கல்வி நாடெங்கும் பரவியபோது அந்த உயிர்ப்பு உடன் பரவவில்லை.

பெயர் மாறிய வரலாறு

விடுதலைக்குப்பின் ஆதாரக் கல்வி படிப்படியாக வலுவிழந்தது. 1964–66ஆம் ஆண்டுக் கோத்தாரிக் கல்விக்குழு ‘வேலை அனுபவம்’ என்பதைப் பரிந்துரைத்தது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்னும் பெயரை முன்வைத்தது. நடைமுறையில் அது வாரத்தில் ஓரிரு பாடவேளையாகச் சுருங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளுக்குப் ‘பயனுள்ள சில பாடவேளைகளை வீணாக்குதல்’ என மாணவர் வேறு விரிவு கூறிக் கேலி செய்தனர். அக்கேலியில் உண்மை இருந்தது. நோக்கமும் மாணவருடையதன்று, மதிப்பீடும் மாணவருடையதன்று, செயல் மட்டும் அவருடையது. நான்கு படிகளுள் ஒன்று மட்டும் எஞ்சியது.

ஹோஷங்காபாத்: குறிப்பேட்டின் பெருமை

இச்சூழலில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியற் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதியும் இரசூலியா நண்பர் கிராம நிலையமும் அதனை முன்னெடுத்தன. 1978இல் மாவட்டம் முழுமைக்கும் அது விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் அதன் பொறுப்பை ஏற்றது.

இத்திட்டத்தில் மாணவர் நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து சோதனை செய்தனர். ‘பால் வைஞானிக்’ என்னும் பாடநூல் விடைகளைத் தருவதில்லை. செய்யவேண்டியதையும் வினாக்களையும் மட்டுமே தந்தது. கண்டதைத் தம் சொற்களில் எழுதிவைப்பது மாணவர் கடமை. பின்னர் வகுப்பு முழுதும் கூடி, குழுக்களின் முடிவுகள் ஏன் வேறுபட்டன என விவாதிக்கும். அந்நூலில் தற்செயலும் நிகழ்தகவும் பற்றிய பாடம் ஒன்று உண்டு. இத்தகைய பாடத்தில் ஒரு குழுவின் முடிவு தனியே பொருள் தருவதில்லை. எல்லோருடைய முடிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி ஒழுங்கு புலப்படாது. எனவே, மீள்நோக்கு இங்குக் கூட்டுச் செயலாகவே அமைந்தது.

தேர்வு முறையிலும் அதற்கு இடம் தரப்பட்டது. எட்டாம் வகுப்புத் தேர்வில் மாணவர் பாடநூலையும் தம் குறிப்பேட்டையும் பார்த்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. தான் எழுதிய குறிப்பே தனக்குத் தேர்வில் துணையாகும் என்னும்போது, அக்குறிப்பை எழுதுவதில் மாணவருக்கு அக்கறை பிறக்கிறது. வார்தாவில் அமையாத பிணைப்பு இங்கு அமைந்தது எனலாம். மேலும், ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரத்திற்குக் குழந்தைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதினர். 1985இல் தொடங்கிய ‘சக்மக்’ சிறுவர் இதழ் அவர்தம் எழுத்துகளையும் ஓவியங்களையும் வெளியிட்டது. ஏகலவ்யா நடத்திய ‘பால் மேளா’ என்னும் சிறுவர் திருவிழாக்கள், ஜாமியாவின் தஃலீமி மேளாவை நினைவூட்டுவன.

2002ஆம் ஆண்டு மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. முப்பதாண்டுப் பணி ஓர் ஆணையால் முடிவுக்கு வந்தது. மாநிலம் முழுதும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு என்னும் ஒருமைப்பாட்டு நோக்கின்முன், குழந்தைக்குக் குழந்தை வேறுபடும் குறிப்பேட்டுக்கு இடமில்லாமற் போயிற்று.

இன்றைய நிலை

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தொடர்ச்சியான முழுமை மதிப்பீட்டைக் கொண்டுவந்து 2017இல் கைவிட்டது. அக்காலத்தில் செயல்திட்டங்கள் பெருகின. கடைகளில் ஆயத்தமாக வாங்கிய படங்களும் பெற்றோர் செய்துகொடுத்த மாதிரிகளும் பள்ளிக்கு வந்ததை ஆசிரியர் பலரும் அறிவர். பொருள் இருந்தது, செய்தவனின் கதை இல்லை. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுதலையும் உடன்பயில்வோர் மதிப்பிடுதலையும் முன்னேற்ற அட்டையில் சேர்க்கவேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையான வகுப்புகளில் புத்தகப்பை இல்லாத பத்து நாள்களையும் கூறுகிறது. எழுத்தளவில் நான்காம் படி திரும்பி வந்துள்ளது. ஆனால், தன்மதிப்பீடு என்பது கட்டத்தில் குறியிடும் படிவமாகிவிட்டால், நூலை நிறுத்த தராசுக்கும் அதற்கும் வேறுபாடு இராது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. செயல்திட்டக் கல்வி இந்தியாவில் தொடர்ச்சியான வரலாறு உடையது. மோகாவில் பயின்றவர் ஜாமியாவுக்கு எடுத்துச்சென்றார். ஜாமியாவின் தலைவர் வார்தாத் திட்டத்தை வகுத்தார். மீள்நோக்கும் விழாவும் பள்ளி நாளின் உறுப்பாக இருந்த இடங்களில் செயல் கல்வியாயிற்று; விளைபொருள் மட்டும் எண்ணப்பட்ட இடங்களில் அது வேலையாகச் சுருங்கியது. விழா மீள்நோக்கின் பகையன்று. பிறர்முன் நிற்கவேண்டும் என்னும் எண்ணமே தன்னைத் திரும்பிப் பார்க்கச் செய்கிறது. மீள்நோக்கில்லாத விழா ஆரவாரமாகும். விழாவில்லாத மீள்நோக்கு தண்டனைபோல் தோன்றும்.

1937ஆம் ஆண்டு அறிக்கை தாய்மொழிக்குத் தந்த 40 நிமிடத்தின் பொருளை நாம் மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்தில் விதைத்த குழந்தை, முளைக்காத விதையைப் பற்றித் தன் மொழியில் நான்கு தொடர் எழுதினால் அது மொழிப்பாடமே. அதனைப் பிழைதிருத்தும் தாளாக மட்டும் காணாமல், ஓர் அறிவுப் பதிவாகக் காணும் மொழியாசிரியரால்தான் விடுபட்ட நான்காம் படி மீண்டும் வகுப்பறைக்குள் வரக்கூடும்.